ஐந்து நாள் திருவிழா, ஆண்டு முழுக்கப் பால்!

கடனில் இருந்த ஒரு பால் பண்ணை உலகமே அறிந்த விழாத் திடலாக மாறியது. ஆனாலும் அங்கே இன்றைக்கும் காலை, மாலை பால் கறக்கிறார்கள். தோப்பையும் தோட்டத்தையும் விருந்தினருக்குத் திறந்துவிட நினைக்கும் விவசாயிகள் அந்தப் பண்ணையிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன.

நெடுஞ்சாலை ஓரத்துத் தென்னந்தோப்புகளில் இப்போது வண்ண விளக்குகள் எரிகின்றன. பழைய ஓட்டு வீட்டைப் பழுது பார்த்து, கிணற்றைச் சுற்றிக் கல் பதித்து, 'கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் விழாவுக்கு இடம் கிடைக்கும்' என்று பலகை வைக்கிறார்கள். நகரத்துக் குடும்பங்கள் இரண்டு நாள் வந்து தங்கி, மாட்டுக்குத் தீவனம் போட்டுப் பார்த்துவிட்டுப் போகின்றன. நிலத்தை விற்காமலே கையில் காசு வருகிறது என்பதால் பல விவசாயக் குடும்பங்களுக்கு இதில் ஆசை வருவது இயல்புதான்.

ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால், இப்படித் தொடங்கிய பல இடங்களில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் மாடு போய்விடுகிறது, வரப்பு போய்விடுகிறது, கடைசியில் பலகையில் மட்டும்தான் 'பண்ணை' மிஞ்சுகிறது. கல்யாணப் பருவம் மந்தமானால், திரும்பிப் போய் உழுவதற்கு மண்ணும் தயாராக இருப்பதில்லை. இதற்கு நேர்மாறாக, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக விழாவையும் விவசாயத்தையும் ஒரே நிலத்தில் நடத்திவரும் ஓர் இடம் இங்கிலாந்தில் இருக்கிறது. அதன் பெயர் வொர்தி பண்ணை.

60 மாடும் ஒரு கடனும்

இங்கிலாந்தின் தென்மேற்கில் இருக்கிறது சாமர்செட் மாவட்டம். செடார் பாலாடைக்கட்டிக்குப் பெயர் கொடுத்த செடார் என்ற ஊர் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. புல்வெளியும் பால் மாடும் நிறைந்த பகுதி. அங்கே பில்டன் என்ற சின்னக் கிராமத்தில் இருப்பதுதான் வொர்தி பண்ணை.

1954-இல் அந்தப் பண்ணையின் சொந்தக்காரர் இறந்துபோனார். அவர் மகன் மைக்கேல் ஈவிஸ் அப்போது கப்பலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா இறந்ததும் கடலை விட்டுவிட்டு 19 வயதில் ஊர் திரும்பினார். அவர் கைக்கு வந்தவை 150 ஏக்கர் நிலம், 60 மாடுகள், கூடவே வங்கிக் கடன். நம் ஊரில் எத்தனையோ மகன்கள் அப்பாவின் நிலத்தோடு அப்பாவின் கடனையும் சேர்த்து வாங்கிக்கொண்ட கதைதான் இது.

பதினாறு ஆண்டுகள் மாட்டோடு மல்லுக்கட்டினார். 1970 கோடையில் பக்கத்து ஊரான ஷெப்டன் மேலட்டில் ஓர் இசை விழா நடந்தது. அது நடந்த இடம், வழக்கமாக விவசாயக் கண்காட்சி நடக்கும் திடல். விழாவைப் பார்க்கப் போன மைக்கேலுக்கு, 'நம் பண்ணையிலும் இப்படி ஒன்று நடத்தினால் கடன் குறையுமே' என்று தோன்றியது.

அதே ஆண்டு செப்டம்பர் 19-ஆம் தேதி, ஒரு சனிக்கிழமை, வொர்தி பண்ணையில் முதல் விழா நடந்தது. நுழைவுக் கட்டணம் ஒரு பவுண்டு. அந்த ஒரு பவுண்டுக்கே பண்ணைப் பாலும் இலவசம். வந்தவர்கள் சுமார் 1,500 பேர். முதலில் வருவதாகச் சொன்ன பெரிய இசைக்குழு வரவில்லை. பதிலுக்கு மார்க் போலன் என்ற இளைஞரின் குழு வந்து பாடியது. அவருக்குப் பேசிய கூலி 500 பவுண்டு. கையில் அவ்வளவு பணம் இல்லாததால், மாதம் 100 பவுண்டு வீதம் ஐந்து மாதம், பால் விற்ற காசிலிருந்து கொடுத்து முடித்தார் மைக்கேல்.

கடனைத் தீர்க்கும் என்று நினைத்து நடத்திய விழாவுக்கான கூலியையே பால்தான் கொடுத்துத் தீர்க்க வேண்டியிருந்தது. முதல் ஆண்டிலேயே கிடைத்த பாடம் இது. விழா வருமானம் வரலாம், வராமலும் போகலாம். மாடு இருந்தால்தான் அந்த இடைவெளியைத் தாண்ட முடியும்.

அவசரம் இல்லாத வளர்ச்சி

1971-இல் வேறு சிலர் சேர்ந்து அதே பண்ணையில் கட்டணமே இல்லாத விழாவை நடத்தினார்கள். அப்போதுதான் பிரமிடு வடிவத்தில் முதல் மேடை எழுந்தது. அதன் பிறகு பல ஆண்டுகள் திட்டமிட்ட விழா எதுவும் நடக்கவில்லை. பண்ணை பாட்டுக்குப் பால் பண்ணையாகவே இருந்தது. 1979-இல் மறுபடி நடத்தினார்கள். கூட்டம் வந்தும் பெருத்த நஷ்டம். 1980-இல் துணிந்து நடத்த யாரும் முன்வரவில்லை.

1981-இல் மைக்கேல் முழுப் பொறுப்பையும் ஏற்றார். அந்த ஆண்டு ஒரு நிரந்தர மேடை கட்டினார்கள். பழைய தந்திக் கம்பங்களும், ராணுவத்தில் கழித்துப்போட்ட தகரங்களும்தான் அதற்கு மூலப்பொருள். விழா நடக்கும் சில நாள்கள் அது மேடை. விழா முடிந்தால் மாட்டுக் கொட்டகை, தீவனக் கிடங்கு. கோடையில் பாட்டு, குளிர்காலத்தில் வைக்கோல்!

இந்த ஒரு முடிவில் பெரிய கணக்கு இருக்கிறது. விழாவுக்காக மட்டும் ஒரு கட்டடம் எழுப்பினால், அதற்குப் போட்ட பணம் ஆண்டில் 360 நாள் தூங்கும். மாட்டுக்காகவும் சேர்த்துக் கட்டினால் அந்தப் பணம் ஆண்டு முழுக்க வேலை செய்யும். 1994-இல், விழாவுக்குச் சில நாள் இருக்கும்போது அந்த மேடை தீயில் எரிந்துபோனது. ஆனாலும் அது நின்ற வரைக்கும் பண்ணைக்கும் பயன்பட்டது.

இன்று அதே விழாவுக்கு இரண்டு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வருகிறார்கள். உலகம் அதைக் கிளாஸ்டன்பரி விழா என்று அழைக்கிறது. ஒரு பவுண்டில் தொடங்கிய கட்டணம் 2025-இல் 373.50 பவுண்டு, நம் பணத்தில் 40,000 ரூபாய்க்கு மேல். ஒரு மணி நேரத்துக்குள் அத்தனையும் விற்றுத் தீர்ந்துவிடுகிறது. திடலின் பரப்பு சுமார் 900 ஏக்கர். அதில் பண்ணையின் சொந்த நிலம் போக மற்றவை, அக்கம்பக்கத்து விவசாயிகளிடம் வாடகைக்கு எடுத்தவை. அதாவது விழா வருமானத்தில் ஒரு பங்கு பக்கத்து வயல்காரருக்கும் போகிறது. மைக்கேலின் மகள் எமிலி ஈவிஸ் இப்போது விழாவை முன்னின்று நடத்துகிறார்.

மாடுகள் எங்கே போகின்றன?

விவசாயி கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். மாடுகள் எங்கேயும் போவதில்லை. விழா நடக்கும் ஜூன் மாதக் கடைசியில் அவை கொட்டகைக்குள் இருக்கின்றன. பெரிய கொட்டகை அது. 2010-இல் அதன் கூரை மீது சூரிய மின் தகடுகளைப் பதித்தார்கள். வெளியே லட்சக்கணக்கானோர் ஆடிப் பாடிக்கொண்டிருக்க, உள்ளே கறவை நேரம் தவறுவதில்லை. விழா முடிந்து, புல் மறுபடி தளிர்த்து, நிலம் சுத்தம் என்று உறுதியான பிறகுதான் மேய்ச்சலுக்கு விடுகிறார்கள்.

அந்தச் 'சுத்தம்' என்ற சொல்லுக்கு அங்கே அர்த்தமே வேறு. விழா முடிந்ததும் ஆள்கள் வரிசை கட்டி நின்று, வயலை அடி அடியாகப் பார்த்து குப்பை பொறுக்குகிறார்கள். பிறகு டிராக்டரில் காந்தத்தைக் கட்டி நிலத்தின் மேல் ஓட்டுகிறார்கள். கூடாரம் அடித்த ஆணி, புட்டி மூடி, கம்பித் துண்டு என்று கண்ணுக்குத் தப்பியவை காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். இந்த வேலைகள் எல்லாம் முடிய வாரக்கணக்கில் ஆகும்.

எதற்கு இவ்வளவு சிரமம்? மாடு வளர்ப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆடு உதட்டால் தேடிப் பொறுக்கித் தின்னும். மாடு நாக்கால் சுழற்றி அப்படியே இழுத்து விழுங்கும். புல்லோடு ஆணி போனாலும் அதற்குத் தெரியாது. விழுங்கிய ஆணி, தேன்கூடு போன்ற இரண்டாம் இரைப்பையில் தங்கும். அந்த இரைப்பைக்கு முன்னால்தான் இதயம் இருக்கிறது. ஆணி இரைப்பையைத் துளைத்து இதயத்தைத் தொட்டுவிட்டால் மாட்டைக் காப்பாற்றுவது அரிது. மாடு தீனி குறைப்பது, முதுகை வளைத்து நிற்பது, பால் திடீரென்று இறங்குவது, பள்ளத்தில் இறங்கத் தயங்குவது போன்றவை இதன் அறிகுறிகள். இப்படி இருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கல்யாணப் பந்தல் போட்ட நிலத்தில் இதே ஆபத்து நம் ஊரிலும் இருக்கிறது. பந்தல் கம்பி, குண்டூசி, சீரியல் விளக்குத் துண்டு, மாலை கட்டிய கம்பி எல்லாம் மண்ணில் கிடக்கும். போதாததற்குப் பிளாஸ்டிக் தாளும் சாப்பாட்டு மிச்சமும். மொய்ப் பணம் எண்ணி முடிப்பதற்குள் மாட்டை அங்கே அவிழ்த்துவிட்டால், கிடைத்த வாடகையை விட மாட்டின் விலை பெரிதாகிவிடும். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு கட்டையில் கட்டி இழுத்தாலே பாதி ஆபத்து குறையும்.

மண்ணை ஆறப்போடும் ஆண்டு

இந்த விழாவில் விவசாயிக்கு மிகவும் பிடிக்கக்கூடிய வழக்கம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விழாவே நடத்துவதில்லை. 2006, 2012, 2018 ஆகிய ஆண்டுகளில் அப்படி ஓய்வு விட்டார்கள். 2026-ஆம் ஆண்டும் ஓய்வு ஆண்டுதான். நிலத்தை ஆறப்போடுவதற்கு விவசாயிகள் சொல்லும் 'தரிசு' என்ற சொல்லைத்தான் அந்த ஆண்டுக்கும் வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் விற்றுத்தீரும் விழாவை ஓர் ஆண்டு நிறுத்துவது என்றால், அது எவ்வளவு பெரிய வருமானத்தை விடுவது என்று யோசித்துப் பாருங்கள். மண்ணும் மாடும் ஊர்க்காரர்களும் மூச்சு விடட்டும் என்றுதான் விடுகிறார்கள்.

மண்ணுக்கு ஓய்வு ஏன் வேண்டும்? ஈரமான நிலத்தில் ஆயிரக்கணக்கான கால்களும் லாரிச் சக்கரங்களும் ஏறும்போது, மண் துகள்களுக்கு இடையே இருக்கும் காற்று வெளியேறி மண் இறுகிவிடுகிறது. மேலே பார்த்தால் சமமாக இருக்கும். மழை பெய்தால்தான் தெரியும்: தண்ணீர் இறங்காமல் தேங்கி நிற்கும். வேர் கீழே போகாது, மண்புழு இருக்காது. அந்த விழாவும் மழையில் மாட்டி, முழங்கால் சேற்றில் நடந்த ஆண்டுகள் உண்டு. 1997-ஆம் ஆண்டுச் சேறு இன்றும் பேசப்படுகிறது.

தோப்பில் இறுக்கம் இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். நல்ல மழை பெய்த மறுநாள், விரல் கனமுள்ள இரும்புக் கம்பியை வழக்கமான வயலில் ஒரு தடவையும், வண்டி நின்ற இடத்தில் ஒரு தடவையும் கையால் அழுத்திப் பாருங்கள். வண்டி நின்ற இடத்தில் கம்பி நின்றுபோனால், அங்கே தென்னை வேருக்கும் மூச்சு முட்டுகிறது என்று பொருள். வண்டிகளுக்கு ஒரே பாதை, ஒரே நிறுத்துமிடம் என்று ஒதுக்கிவிட்டால் சேதம் அந்த இடத்தோடு நிற்கும். மற்ற இடங்களில் சணப்பு, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்து மடக்கி உழுதால் மண் மெல்லத் திரும்பும்.

ஆற்றில் கலந்த கழிவு

எல்லாமே அங்கே சரியாக நடந்துவிடவில்லை. திடலின் நடுவே வைட்லேக் என்ற சிற்றாறு ஓடுகிறது. 2014 விழாவின்போது கழிவுத் தொட்டி ஒன்றிலிருந்து மனிதக் கழிவு கசிந்து ஆற்றில் கலந்தது. மீன்கள் செத்து மிதந்தன. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. விழா நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டது. 2016-இல் அபராதமும் வழக்குச் செலவுமாக 31,000 பவுண்டு கட்டும்படி தீர்ப்பு வந்தது. இன்றைய நம் பணத்தில் ஏறக்குறைய 35 லட்சம் ரூபாய்.

அதற்கு முன்பும் பின்பும் கழிவறை விஷயத்தில் நிறைய மாற்றங்கள். தண்ணீர் ஊற்றாமல் மரத்தூள் போட்டு மூடும் மட்கு கழிவறைகள் பெருமளவில் வந்தன. 2019-இல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் புட்டியில் தண்ணீர் விற்பதை நிறுத்தினார்கள். கூடாரம் அடிக்க மண்ணில் மக்கும் ஆணிகளையும் கொடுத்துப் பார்த்தார்கள். 'பண்ணையை நேசி, தடம் விட்டுப் போகாதே' என்பது விழாவின் முழக்கமாகவே ஆகிவிட்டது.

நம் ஊரில் ஆற்றுக்குப் பதிலாகக் கிணறு. ஐந்நூறு பேர் வந்து போகும் கல்யாணத்துக்கு அவசரத்துக்கு ஒரு குழி தோண்டி, கிணற்றுக்கு மேட்டுப் பக்கம் கழிவறை வைத்தால், அந்தக் கழிவு கடைசியில் போய்ச் சேருவது வீட்டுக் குடிதண்ணீரில்தான். கழிவறை எப்போதும் கிணற்றுக்குப் பள்ளமான பக்கத்தில், முடிந்த அளவு தள்ளி இருக்க வேண்டும். முதல் செலவு பந்தலுக்கு அல்ல, இதற்குத்தான்.

ஊரோடு ஒத்துப்போவது

விழா வளர வளர பில்டன் கிராமத்தில் எதிர்ப்பும் வளர்ந்தது. சத்தம், நெரிசல், வேலி தாண்டி வரும் கூட்டம். 1983 முதல் உள்ளூர் நிர்வாகத்திடம் உரிமம் வாங்கித்தான் நடத்த வேண்டும் என்று ஆனது. அடுத்த ஆண்டே உரிம நிபந்தனைகளை மீறியதாக மைக்கேல் மீது வழக்குகள் வந்தன. அவை தள்ளுபடி ஆயின. 2000-ஆம் ஆண்டில் கட்டணம் கட்டாத பெருங்கூட்டம் வேலி தாண்டி உள்ளே நுழைந்தது. ஆபத்தான நிலை. மறு ஆண்டு விழாவை நிறுத்தினார்கள். 2002-இல் திடலைச் சுற்றி உறுதியான வேலி போட்ட பிறகுதான் தொடர்ந்தார்கள்.

கூடவே ஊருக்கும் செய்தார்கள். பில்டனில் நடுக்காலத்துக் களஞ்சியம் ஒன்று உண்டு. மடத்துக்குச் செலுத்த வேண்டிய விளைச்சல் பங்கைச் சேர்த்துவைத்த கல் கட்டடம். நம் கோயில் நெற்களஞ்சியங்களைப் போன்றது. 1963-இல் இடி விழுந்து அதன் கூரை எரிந்துபோனது. முப்பது ஆண்டுகள் கூரையில்லாமல் நின்ற அதை மைக்கேல் வாங்கி, 1995-இல் ஊர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். 2005-இல் கூரை மறுபடி எழுந்தது. இன்று அங்கே கல்யாணமும் ஊர்க் கூட்டங்களும் நடக்கின்றன. அந்த ஊரில் விவசாயத்துக்கு இனிப் பயன்படாத கட்டடம்தான் கல்யாண மண்டபம் ஆனது. பயன்படும் புல்வெளி புல்வெளியாகவே இருக்கிறது. ஊரில் எளிய குடும்பங்களுக்கு வீடு கட்டவும் அவர் நிலம் கொடுத்திருக்கிறார்.

அதன் பிறகு கொரோனா வந்தது. 2020, 2021 என இரண்டு ஆண்டுகள் விழா நின்றது. விழாவை மட்டும் நம்பிய எத்தனையோ திடல்கள் உலகெங்கும் மூடப்பட்டன. வொர்தி பண்ணையில் மாடுகள் கறந்துகொண்டுதான் இருந்தன.

சின்ன அளவில் முடியுமா?

இரண்டு லட்சம் பேர் வரும் விழா நமக்கு வேண்டாம். பத்துப் பேர் வந்து தங்கிப் போகும் ஓய்வுப் பண்ணை போதும் என்பவர்களுக்கு இத்தாலி ஒரு வழி காட்டுகிறது. அங்கே டஸ்கனி பகுதியில் நிலக்கிழாருக்கும் உழுபவருக்கும் சரிபாதி வாரம் என்ற முறை நூற்றாண்டுகளாக இருந்தது. 1964-இல் புதிய வார ஒப்பந்தங்களுக்குச் சட்டம் தடை போட்டது. அதற்கு முன்பே குடியானவர்கள் ஆலை வேலை தேடி நகரத்துக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். கல் வீடுகள் ஆயிரக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அந்த வீடுகளைப் பழுது பார்த்து விருந்தினரைத் தங்கவைக்கும் வழக்கம் அப்படித்தான் பரவியது.

1985-இல் இத்தாலி இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. 2006-இல் அதைப் புதுப்பித்தது. சாரம் இதுதான்: விருந்தோம்பல் நடத்துபவர் விவசாயியாக இருக்க வேண்டும். அந்த நிலத்தில் விவசாயமே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும். பண்ணையில் ஏற்கெனவே இருக்கும் கட்டடங்களைப் பயன்படுத்தலாம். பரிமாறும் உணவில் சொந்த விளைச்சலுக்குப் பங்கு இருக்க வேண்டும். விருந்தினர் பத்துப் பேருக்கு மிகாமல் இருந்தால், விவசாயமே முதன்மை என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இன்று அந்த நாட்டில் இப்படி 25,000-க்கும் மேற்பட்ட பண்ணைகள் இயங்குகின்றன. இந்தியாவில் மகாராஷ்டிரா 2020-இல் வேளாண் சுற்றுலாவுக்கு எனத் தனிக் கொள்கை கொண்டுவந்தது.

நம் முன்னோருக்கும் இந்த அறிவு இருந்தது. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவோம். கிடைக்காரர் வருவது அறுப்புக்குப் பிறகுதான். தங்குவது சில இரவுகள்தான். போகும்போது நிலத்துக்கு எருவை விட்டுப் போவார். விருந்தினருக்கும் அதே அளவுகோலை வைக்கலாம். பயிர்க் கணக்கைப் பார்த்து விருந்துக்குத் தேதி கொடுக்க வேண்டும்; விருந்துத் தேதிக்காகப் பயிரை அழிக்கக் கூடாது.

பலகை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

மின்சாரம்: விவசாயத்துக்குத் தரப்படும் இலவச மின் இணைப்பிலிருந்து பந்தலுக்கோ தங்கும் அறைக்கோ மின்சாரம் எடுக்கக் கூடாது. அனுமதித்த பயன்பாட்டை மாற்றினால் இந்திய மின்சாரச் சட்டப்படி இரு மடங்கு கட்டணம் கணக்கிடப்படும். இதற்குத் தனி இணைப்பு வாங்குங்கள்.

நிலம்: விவசாய நிலத்தில் மண்டபம், தங்கும் விடுதி கட்டுவது நிலப் பயன்பாட்டு மாற்றம். உள்ளாட்சி, நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் வேண்டும். நன்செய் என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் தேவை. பத்திரம், பட்டாவோடு முதலில் அந்த அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிட்டுச் செங்கல் இறக்குங்கள்.

வரி: பயிர் வருமானத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு. விழா வாடகைக்கும் அறை வாடகைக்கும் கிடையாது. இரண்டையும் ஒரே நோட்டில் கலந்து எழுதாதீர்கள். தனித்தனியாக எழுதினால், எது உண்மையில் லாபம் தருகிறது என்று உங்களுக்கும் தெரியும்.

சத்தம்: இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் உறங்க வேண்டும். உங்கள் கறவை மாடும் உறங்க வேண்டும். மிரண்ட மாடு பாலை அடக்கும்.

குப்பை: நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் உள்ளாட்சிக்கு முன்கூட்டியே தகவல் சொல்லி, மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். வாடகை பேசும்போதே துப்புரவுக்கு ஒரு முன்பணம் வாங்கி, நிலத்தை நடந்து பார்த்த பிறகு திருப்பிக் கொடுக்கும் வழக்கம் வையுங்கள். வாழை இலை, எச்சில் சோறு எருக்குழிக்குப் போகலாம். நெகிழி ஒன்றுகூட அதில் சேரக் கூடாது.

கணக்கு: வாடகை வரவின் பக்கத்திலேயே, அந்த நிலத்தில் விட்டுப்போன பயிரின் மதிப்பு, ஆள் கூலி, பழுதுச் செலவு, ஆள் வராத மாதங்கள் ஆகியவற்றையும் எழுதுங்கள். கடன் வாங்கிக் கட்டடம் எழுப்புவதாக இருந்தால், ஓர் ஆண்டு முழுக்க ஒரு விழாவும் நடக்காவிட்டாலும் பாலும் பயிரும் தவணையைக் கட்டுமா என்று பாருங்கள். கட்டாது என்றால் கட்டடத்தைச் சிறிதாக்குங்கள்.

150 ஏக்கர்க்காரருக்குக் கிடைத்த வாய்ப்பு மூன்று ஏக்கர்க்காரருக்கு அப்படியே கிடைக்காது. அதே சமயம், மூன்று ஏக்கரில் இடம் குறைவு என்பதால்தான் எதை விருந்தினருக்குக் கொடுப்பது, எதைப் பயிருக்கு வைப்பது என்று முன்பே கோடு கிழித்துக்கொள்வது இன்னும் அவசியம் ஆகிறது. பழைய வீடு, காலிக் களம், பயிர் ஏறாத கல்லாங்காடு போன்றவற்றை விருந்தினருக்குத் திறக்கலாம். நல்ல மண் இருக்கும் வயலையும் கிணற்றையும் கொட்டகையையும் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். ஊருக்கு வெளியே இருந்து வரும் மக்கள் பணம் கொடுத்துப் பார்க்க வருவதே உயிரோடு இருக்கும் ஒரு பண்ணையைத்தான். மாடு போனால், பயிர் போனால், அவர்கள் பார்க்க வருவதற்கும் அங்கே எதுவும் இருக்காது.